தண்ணீருக்கு என்ன செய்வீர்கள்?

அந்தக் கேள்வியைக் கண்டுபிடித்தவள் நான்தான்.

மெனேஜர் அல்ல. கம்பனி முதலாளிமாரும் அல்ல. அப்படியொரு கேள்வியைக் கேட்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. நானாகவே, கதிரையின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, கெட்டிக்காரி என்று பெயர் வாங்கும் ஆசையில் சொல்லிக் கொடுத்தேன்.

அதனால் எத்தனை பேருக்கு வேலை கிடைக்காமல் போயிற்று என்று நான் எண்ணி வைக்கவில்லை. இனி எண்ணப் போவதுமில்லை. மனம் திருந்திவிட்டது என்று நினைத்துக்கொண்டு இதை வாசிக்காதீர்கள். இதைத் தனியே வைத்துக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. அலுத்துப் போய்விட்டது... அவ்வளவுதான்.

கொழும்புக்குப் பக்கத்தில், கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகளைத் தாண்டிப் போனால், தகரக் கூரை போட்ட பெரிய களஞ்சியசாலைகள் வரும். அதில் ஒன்றில், ஆட்களை வேலைக்கு எடுக்கும் ஆளணிப் பிரிவில் நான் வேலை செய்கிறேன். சவர்க்காரம், பிஸ்கட், பால்மா, ஷாம்பு என்று ஒரு வீட்டுக்குத் தேவையானதெல்லாம் அங்கே றாக்கைகளில் அடுக்கியிருக்கும். அவற்றை எடுத்து, பெட்டியில் அடுக்கி, லேபல் ஒட்டி, லொறிக்கு அனுப்ப ஆட்கள் வேண்டும். பெரிய படிப்பு வேண்டாம். கையும் காலும் வேண்டும், நேரத்துக்கு வரும் பழக்கம் வேண்டும்.

ஆனால் அந்த வேலைக்கும் மாதச் சம்பளம் உண்டு, சேமலாப நிதி உண்டு, காய்ச்சல் என்றால் லீவு உண்டு. நாட்கூலிக்கு ஓடுகிற வீட்டில் ஒருவருக்கு அது கிடைத்தால் அந்த வீடே நிமிர்ந்து உட்காரும். அதை நான் நன்றாக அறிவேன். அறிந்துகொண்டுதான் செய்தேன்!

ஆள் எடுக்கும் நாளில் கேற்றுக்கு வெளியே குடைகளின் வரிசை நிற்கும். முதலில் அடையாள அட்டை. பிறகு ஒரு பெட்டியைத் தூக்கிக் கொண்டுபோய் றாக்கையின் இரண்டாம் தட்டில் வைக்கச் சொல்வோம். பிறகு லேபலில் உள்ள இலக்கங்களை வாசிக்கச் சொல்வோம். இதில் தேறியவர்கள் மேசைக்கு வருவார்கள். மேசையின் இந்தப் பக்கத்தில் மெனேஜர் சேரும் நானும் இருப்போம்.

சேர் கெட்ட மனிதர் இல்லை. களனியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார், மதியத்தில் தன் சோற்றுப் பார்சலிலிருந்து எனக்கும் ஒரு துண்டு மீன் வைப்பார். அவரை ஒரு அரக்கனாக்கிவிட்டு நான் தப்பிக்கலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை.

நான் சேர்ந்த புதிதில் பால்மாப் பெட்டிகள் சில காணாமற் போயின. யார் எடுத்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. தெரியவில்லை என்றால் சும்மா இருப்பார்களா? யார் தலையிலாவது போட வேண்டுமே! மேலிடத்திலிருந்து வாய்மொழியாக ஒரு கட்டளை வந்தது. தோட்டத்து ஆட்களை இனி எடுக்க வேண்டாம்.

கொழும்பில், கொட்டாஞ்சேனைப் பக்கம் தோட்டம் என்றால் அங்கே மரமும் இல்லை, செடியும் இல்லை. தெருவிலிருந்து ஒரு சந்து உள்ளே போகும். அதற்குள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு சின்னச் சின்ன வீடுகள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு பைப், பொதுவாகக் கக்கூஸ். சிங்களத்தில் ‘வத்த’ என்பார்கள். அந்தச் சொல்லைச் சொல்லும்போது சில பேருடைய உதடு தானாகவே கோணும்.

கட்டளை வந்த பிறகு விலாசத்தைப் பார்த்து ஆட்களைக் கழித்தார்கள். தோட்டத்து ஆட்கள் என்ன, மடையர்களா? இரண்டு தடவை திருப்பி அனுப்பப்பட்டதும் விளங்கிக்கொண்டார்கள். வெள்ளவத்தையில் இருக்கும் சித்தியின் விலாசம், பொரளையில் இருக்கும் மாமாவின் விலாசம் என்று கொடுக்கத் தொடங்கினார்கள். அடையாள அட்டையையே உறவினர் விலாசத்தில் எடுத்தவர்களும் உண்டு. சேர் தலையைச் சொறிந்தார். இவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மேசையைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார், என்னைக்கூடக் கேட்கவில்லை.

நான் வாயைத் திறந்தேன்.

தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள் சேர், என்றேன். விசாரணை மாதிரிக் கேட்கக் கூடாது, அக்கறையாகக் கேட்க வேண்டும். காலை ஷிஃப்ட்டுக்கு வெள்ளனப் புறப்பட வேண்டி வருமே, தண்ணீருக்கு என்ன செய்வீர்கள், கஷ்டம் இல்லையா என்று. வீட்டுக்குள் பைப் இருக்கிறவர்களுக்குக் கேள்வியே விளங்காது. ‘தண்ணிக்கு என்ன?’ என்று முழிப்பார்கள். தோட்டத்து ஆட்கள் முழிக்க மாட்டார்கள்; மறுமொழி அவர்கள் வாயில் தயாராக இருக்கும். அதுவும் தங்கள் சுறுசுறுப்பைக் காட்ட நல்ல சந்தர்ப்பம் என்று நினைத்துச் சந்தோசமாகவே சொல்வார்கள்.

இன்னும் ஒன்றும் சொன்னேன். தமிழ் ஆட்களிடம் நான் தமிழில் கேட்கிறேன். அவர்களுக்குச் சிங்களம் நன்றாக வரும்தான்... ஆனாலும் சொந்தப் பாஷையில் கேட்டால் மனம் திறந்து கதைப்பார்கள்.

சேர் என்னை ஆச்சரியத்தோடு பார்த்தார். இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். கேள்விப்பட்டிருக்கிறேன் என்றேன். அடுத்த மாதமே என் வேலையை நிரந்தரமாக்கினார்கள்.

எப்படித் தெரியும் என்று நீங்களும் கேட்பீர்கள். கேட்க மாட்டீர்களா என்ன? நான் அந்தத் தோட்டத்தில் பிறந்தவள்! அந்தப் பைப்படியில் வளர்ந்தவள்! என் அப்பா புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் மூட்டை இறக்கினார். எங்கள் வீட்டில் ஒருவர் படுத்தால் மற்றவர் எழும்ப வேண்டும். எனக்குக் கலியாணப் பேச்சு வந்தபோது நாங்கள் வத்தளையில் ஒரு வாடகை வீட்டுக்கு மாறியிருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் யாழ்ப்பாணத்து ஆட்கள், வெள்ளவத்தையில் அடுக்குமாடி பிளட். கொட்டாஞ்சேனையில் கோயிலுக்குக் கிட்ட இருந்தோம் என்று மட்டும் சொன்னோம். பொய் இல்லைதானே... கோயில் கிட்டத்தான் இருந்தது.

கலியாணத்துக்குப் பிறகு என் பேச்சையும் மாற்றிக்கொண்டேன். ‘ஆமா’ என்ற வாய் ‘ஓம்’ என்றது. ‘வந்தேன்’ என்றவள் ‘வந்தனான்’ என்றேன். இப்போது கனவில்கூட மாமியாரின் தமிழில்தான் கதைக்கிறேன் என்று நினைக்கிறேன். அலுவலகத்தில் நான் வெள்ளவத்தை மிஸ். வேறு எதையும் யாரும் கேட்டதில்லை.

எனக்கும் சேருக்கும் இடையில் ஒரு அடையாளம் இருந்தது. நான் கேள்வியைக் கேட்பேன். ஆள் தோட்டம் என்று தெரிந்தால் பேனையை மூடி மேசையில் வைப்பேன். வைக்காவிட்டால் வேலை. வைத்தால், ‘நாங்கள் போனில் கோல் எடுப்போம், போய் வாருங்கள்’. அந்தக் கோல் ஒருநாளும் போகாது.

பைப்பில் முந்துவேன் என்று பெருமையாகச் சொன்ன எத்தனையோ முகங்கள்! பெட்டியை ஒரே மூச்சில் தூக்கியவர்கள், இலக்கத்தைப் பிழையில்லாமல் வாசித்தவர்கள். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டுவேன், பேனையை மூடுவேன். முதல் சில தடவை மூடியைத் தேடுவது போலக் கொஞ்சம் நேரம் கடத்தினேன். பிறகு கடத்தவில்லை. பழகிவிட்டது என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும், ஆனால் உண்மை அதுதான்.

பிறகு ஒருநாள் ஜெசிந்தா அக்கா வந்தாள்.

தோட்டத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவளுடையது. என்னைவிடச் சில வயது மூத்தவள். நான் ஓ.எல். பரீட்சைக்குப் படித்த காலத்தில் அவள்தான் தன் வாளிக்குப் பின்னால் எங்கள் வாளியையும் வரிசையில் வைத்து நகர்த்திக்கொண்டு நின்றாள். வரிசையில் ஆளில்லாத வாளியைக் காலால் தள்ளிவிடுவார்கள். என் வாளியைத் தள்ள ஒருவருக்கும் துணிவில்லை, ஜெசிந்தா அக்காவின் வாய் அப்படி! நீ போய்ப் படிடி, இங்க நின்னு என்னா கிழிக்கப் போறே என்று என்னை விரட்டுவாள். அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். அந்த விடியற்காலைகளில் நான் படித்த படிப்புத்தான் என்னை மேசையின் இந்தப் பக்கம் உட்கார வைத்தது.

மேசைக்கு முன்னால் வந்தவள் என்னைக் கண்டதும் கண்களை அகல விரித்தாள். வாய் என் பெயரைச் சொல்லத் திறந்தது. அவள் சேரைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். என் முகத்தில் எதைக் கண்டாளோ... வாயை மூடிக்கொண்டாள். பிறகு, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்வது போல, “குட் மோர்னிங் மிஸ்” என்றாள்.

நான் கேட்காமலேயே என்னைக் காப்பாற்றினாள். அதற்கு நான் நன்றியோடு இருந்திருக்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது! இவள் ஏன் இங்கே வந்தாள்? கொழும்பில் வேறு களஞ்சியசாலை இல்லையா?

அவளுடைய நிலைமையை அவளே சொன்னாள். புருசன் துறைமுகத்தில் நாட்கூலி, விழுந்து முதுகு போய்விட்டது, இனிப் பாரம் தூக்க முடியாது. இவள் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். கடைக்காரர் எடுத்தால் சாப்பாடு, எடுக்காவிட்டால் மீந்த இடியப்பம்தான் சாப்பாடு. மகள் பள்ளிக்கூடத்தில் ஏ.எல். முடிக்கப் போகிறாள். வீட்டில் ஒருவருக்காவது மாதச் சம்பளம் வேண்டும். இதையெல்லாம் அழாமல், சேருக்கும் விளங்கட்டும் என்று சிங்களத்தில் சொன்னாள். பெட்டியை அவள் தூக்கிய விதத்தைப் பற்றிக் காவலாளியே வந்து சேரிடம் நல்லவிதமாகச் சொல்லியிருந்தான். சேருக்கு அவளைப் பிடித்திருந்தது. விலாசம் வத்தளை என்று கொடுத்திருந்தாள். சேர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். என் கேள்விக்கான முறை.

அந்த இடத்தில் நான் எவ்வளவோ செய்திருக்கலாம். கேட்காமல் விட்டிருக்கலாம். வேறெதையாவது தமிழில் கேட்டிருக்கலாம், சேருக்கு விளங்கியிருக்காது. கேட்டுவிட்டுப் பேனையைக் கையிலேயே வைத்திருக்கலாம். ஒரு பேனையை மூடாமல் வைத்திருப்பதற்கு என்ன பலம் வேண்டும், சொல்லுங்கள்?

கேட்டேன்.

அவள் முகம் மலர்ந்தது. ஐயோ, அந்த முகம்! அவளுக்கு நல்ல மறுமொழி இருக்கிறது என்று தெரிந்துதான் நான் அதைக் கேட்கிறேன், அவளுக்குக் கைகொடுக்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

“அதெல்லாம் ஒரு கரச்சலும் இல்ல மிஸ். சேர்ச் மணி அடிக்க முந்தியே பைப்படில நிப்பேன். எனக்கு முன்னுக்கு ஒருத்தரும் வந்ததில்ல.”

நான் பேனையை மூடி மேசையில் வைத்தேன்.

ஏன் வைத்தேன்? அவளை எடுத்தால் தினமும் என் கண்முன்னால் நிற்பாள். கென்டீனில் தேநீர் குடிக்கும்போது யாரிடமாவது வாய் தவறுவாள். வெள்ளவத்தை மிஸ் எங்கள் தோட்டத்துப் பிள்ளைதான் என்று பெருமையாகக்கூடச் சொல்வாள். பிறகு சேர் என்னைப் பார்க்கும் பார்வை... பால்மாப் பெட்டிகள் காணாமற் போன கதை... பயந்துவிட்டேன். இது காரணம், சாட்டு இல்லை. சாட்டு வேண்டுமென்றால் அன்று எனக்குத் தலையிடி இருந்தது என்றும் சொல்லலாம்.

போகும்போது அவள் சேருக்குக் கும்பிட்டாள். எனக்குக் கண்ணால் நன்றி சொன்னாள்.

சில கிழமைகள் கழித்து அலுவலகக் கைத்தொலைபேசிக்கு அவளிடமிருந்து அழைப்பு வந்தது. நான் நன்றாகத் திட்டு வாங்கத் தயாராக வெளியே போய் லொறி நிற்கும் இடத்தில் நின்று எடுத்தேன். வசவு எதுவும் வரவில்லை. வேலை கிடைக்காதது அவளுக்கு விளங்கிவிட்டதாம், வயது கூடிவிட்டது, அது யாருடைய பிழையுமில்லையாம். ஆனால் நான் அவளுக்காக முயன்றது பெரிய விசயமாம். அந்தத் தண்ணிக் கேள்வியை நான் அவளுக்காகவே போட்டதை அவள் கவனித்தாளாம். தோட்டத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாளாம், நம்ம பிள்ளை நம்மை மறக்கவில்லை என்று. உடனே சேர்த்துச் சொன்னாள், யார் அந்தப் பிள்ளை, எங்கே வேலை என்று மட்டும் சொல்லவில்லையாம்.

தனியாகத்தானே கதைக்கிறோம், ஏன் அக்கா என்னை மிஸ் என்று கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னது இன்றைக்கும் என் காதை விட்டுப் போகவில்லை.

“வாய்க்குப் பழகட்டும் மிஸ். தற்செயலா ஒருநாளு ஆளுங்களுக்கு முன்னுக்கு வாய் தவறிடக் கூடாது பாருங்க.”

கேட்டீர்களா? நான் எந்த வாய்க்குப் பயந்தேனோ, அந்த வாய் எனக்காகப் பழகிக்கொண்டிருந்தது. நான் லொறிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் வேலையைப் பார்த்தேன்.

அதன் பிறகு அந்தக் கேள்வியை நிறுத்தினேன். ஆட்களுக்கு இது தெரிந்துவிட்டது சேர், எல்லாரும் இப்போது பொய் சொல்லப் பழகிவிட்டார்கள், இனிக் கேட்டுப் பிரயோசனமில்லை என்று சொன்னேன். சேரும் சரி என்றார். பெரிய புண்ணியம் செய்துவிட்டதாக நினைப்பு எனக்கு! அன்று வீட்டுக்குப் போகும் வழியில் வெள்ளவத்தையில் காலி வீதிக் கடையில் பிள்ளைகளுக்குக் கேக்கும் வாங்கினேன்.

அந்த நாட்களில் ஒருமுறை வெள்ளவத்தையில் எங்கள் பிளட்டுக்குத் தண்ணீர் வரவில்லை. தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வந்து தெருவில் நின்றது. பிளட் ஆட்கள் வாளியை எந்தக் கையில் பிடிப்பதென்றே தெரியாமல் நின்றார்கள். நான் எப்போது கீழே போனேன், எப்போது முதல் ஆளாக நின்றேன் என்று எனக்கே தெரியாது. மேல்மாடி அன்ரி சிரித்துக்கொண்டு, நீங்கள் நல்ல கெதி பிள்ளை, எங்களுக்கெல்லாம் முந்திவிட்டீர்கள் என்றா. கணவர் பல்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வாளியைப் போட்டுவிட்டு ஓடலாம் போலிருந்தது.

இந்த வருடத் தொடக்கத்தில் புதிதாக ஆட்கள் எடுத்தோம். ஜெசிந்தா அக்காவின் மகள் வந்தாள். பெயர் ஷெரின். ஏ.எல். முடித்தவள், சுத்தமான வெள்ளைச் சட்டை, தலையை இழுத்துப் பின்னியிருந்தாள். தாய் என்னைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பிள்ளை என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவே இல்லை. அதையும் பழக்கித்தான் அனுப்பியிருக்கிறாள்.

பெட்டி, இலக்கம், எல்லாம் சரி. சேர் கேட்டதற்கெல்லாம் நல்ல சிங்களத்தில் மறுமொழி சொன்னாள். சேர் திருப்தியாகத் தலையாட்டினார். நான் எதுவும் கேட்கவில்லை. பேனையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு தடவை... இந்த ஒரு வீட்டுக்கு... என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி ஒன்றுமில்லை, எழும்பிப் போக வேண்டியதுதான்.

அவள் எழும்பவில்லை. கேட்க வேண்டிய ஒன்றை நாங்கள் மறந்துவிட்டோம் என்று நினைத்தாளோ என்னவோ. சேரை நேரே பார்த்து, சிரித்த முகத்தோடு, சிங்களத்தில் தானாகவே சொன்னாள். காலை ஷிஃப்ட்டுக்கு வருவது தனக்குக் கஷ்டமே இல்லையாம். மற்றவர்கள் எழும்ப முந்தியே பைப்புக்குப் போய்த் தண்ணீர் பிடித்துவிடுவாளாம். அம்மாவைப் போலவே, பைப்படியில் எப்போதும் தான்தான் முதலாவதாம்.

என் பேனை என் கையிலேயே இருந்தது. சேர் தன் பேனையை மூடி மேசையில் வைத்தார்.

அவள் போன பிறகு, பார்த்தீர்களா மிஸ், நீங்கள் கேட்காமலே உங்கள் கேள்வி வேலை செய்கிறது என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன்! அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை சேர், எடுப்போம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார். அந்த ‘ஏன்’ என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே மறுமொழியை என்னால் சொல்ல முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரே போய்ச் சொல்லிவிடுவோம் என்று கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினேன். இறங்கினேன். சந்தின் வாசல்வரை போனேன். உள்ளே யாரோ வாளியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. பக்கத்துக் கடையில் தேவையே இல்லாமல் கால் கிலோ வெங்காயம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். எதற்கு அவ்வளவு தூரம் போய் வெங்காயம் என்று கணவர் கேட்டார். மலிவு என்றேன்.

அடுத்த கிழமை ஜெசிந்தா அக்கா கோல் எடுத்தாள். குரலில் கோபமில்லை, களைப்பு இருந்தது. தன் விசயம் வேறு, வயது போனவள். பிள்ளைக்கு வயது இருக்கிறது, படிப்பு இருக்கிறது. அம்மா சொல்லிக் கொடுத்த எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன் என்கிறாள். பிறகும் ஏன் கூப்பிடவில்லை?

“பிள்ளைகிட்ட என்னா குறைன்னு சொல்லுங்க மிஸ். மனசு நோகுமேன்னு யோசிக்காம சொல்லுங்க. திருத்திக்கலாம்.”

இதோ, வாசல் திறந்து கிடந்தது. ஒரே ஒரு வசனம் போதும். அக்கா, தண்ணீர் பிடிப்பதைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள், அதைச் சொன்னால் எடுக்க மாட்டார்கள். அவ்வளவுதான்! அந்தப் பிள்ளைக்கு அடுத்த தடவை வேலை கிடைக்கும். ஆனால் அக்கா மடைச்சி இல்லையே. ஏன் எடுக்க மாட்டார்கள் என்று யோசிப்பாள். அன்றைக்கு நான் ஏன் அதைக் கேட்டேன் என்று யோசிப்பாள். பைப்படியில் அவள் நகர்த்திய என் வாளிவரைக்கும் யோசித்துக்கொண்டு போவாள்.

என் வாயிலிருந்து வந்தது இதுதான்.

“இங்கிலிஷ் கொஞ்சம் காணாது அக்கா.”

சவர்க்காரப் பெட்டி அடுக்குவதற்கு எதற்கு இங்கிலிஷ்? எங்கள் களஞ்சியசாலையில் றாக்கைகளுக்கு இடையில் யாரும் இங்கிலிஷ் கதைத்து நான் கேட்டதில்லை. லேபலில் இருப்பதெல்லாம் இலக்கம். கொஞ்சம் யோசித்தால் யாருக்கும் விளங்கும். ஆனால் அவள் யோசிக்கவில்லை. சொன்னது நான் அல்லவா!

“அவ்வளவுதானா மிஸ்? நான் வேற என்னமோன்னு பயந்துட்டேன். கிளாசுக்குப் போட்டுடுறேன்.”

“ஓம் அக்கா... அது நல்லது.”

அதைச் சொல்லும்போதும் என் வாய்க்கு அந்த ‘ஓம்’ மறக்கவில்லை.

ஷெரின் இப்போது சனி ஞாயிறுகளில் இங்கிலிஷ் வகுப்புக்குப் போகிறாள். வகுப்புக் காசுக்காகத் தாய் இன்னுமொரு கடைக்கும் இடியப்பம் கொடுக்கிறாளாம், முன்னையைவிட வெள்ளன எழும்புகிறாளாம். இதையெல்லாம் அவளே எனக்குக் குரல்பதிவில் அனுப்புகிறாள். நான் தம்ஸ்அப் ஒன்று போட்டு அனுப்புகிறேன். ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனைத் திறக்கிறேன்... நீங்கள் நம்ப வேண்டியதில்லை, நானே நம்புவதில்லை.

போன கிழமை வந்த குரல்பதிவில் ஷெரினே கதைத்தாள். இங்கிலிஷில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளப் பழகுகிறாளாம், பிழை இருந்தால் நான் திருத்த வேண்டுமாம். பெயர், படிப்பு, அப்பா, அம்மா. கொஞ்சம் தடுமாறினாலும் நன்றாகத்தான் கதைத்தாள். கடைசியில், தான் விடியும் முன்பே எழும்பித் தோட்டத்தில் எல்லாருக்கும் முந்தித் தண்ணீர் பிடிக்கிறவள் என்று மிகத் தெளிவாக, ஒரு பிழையுமில்லாமல் சொன்னாள்.

வெரி குட் என்று பதில் அனுப்பினேன்.

அடுத்த முறை ஆள் எடுக்கும்போது அவள் வருவாள். நான் சேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.